சிவப்பென்று நான் எடுத்து வைத்த பச்சை

முதல் துளி ஒரு வெள்ளைக் கவுனின் மேல் விழுந்தது.

புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளைக்கு நான் தைத்துக்கொண்டிருந்த கவுன் அது. (புதுநன்மை என்பது எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பெண் பிள்ளைகள் அன்றைக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்துவார்கள்.) காலை வெளிச்சத்தில் மெஷினில் உட்கார்ந்து கழுத்துப் பட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. இருமி முடித்துக் குனிந்தால் வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. ஊசி விரலில் ஏறிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கடத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் அருளப்பனுக்குத் தக்காளித் தோட்டம், எனக்குத் தையல் மெஷின். லூர்துமேரிக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

இருமல் புதிதல்ல. மழைக்காலத்தில் பிடித்தது விடவே இல்லை. பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும், விடிந்தால் உடம்பு வேர்த்திருக்கும். ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டையெல்லாம் வருடா வருடம் பிரித்துத் தளர்த்திக் கொடுக்கிறவள், என்னுடையதை மட்டும் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

தருமபுரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியை வாங்கிச் சோதித்தார்கள். டாக்டர் நடு வயதுக்காரர், அவசரமில்லாமல் பேசுகிறவர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது டி.பி.ம்மா (காசநோய், நுரையீரலைத் தாக்கும் கிருமி நோய்). இந்த வெள்ளையா தெரியுது பாருங்க, அதான் நோவு. கறுப்பா இருக்கறது நல்ல இடம்."

"வெள்ளைதானுங்க கெட்டதா?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. எங்கள் மாதா கோயிலில் வெள்ளை என்றால் இயேசுவின் உயிர்ப்பு, மகிழ்ச்சி.

"இங்க அப்படித்தான். மருந்து இருக்குது, குணமாயிடும். ஆனா கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடணும். நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது."

தினமும் ஊசி, அதோடு மூன்று வகை மாத்திரை. அதில் ஒன்று ரிபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து, சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும்). நிறம் மாறும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் மறுநாள் காலையில் பார்த்தபோது ரத்தம் என்று கத்திவிட்டேன். மனதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றாலே ரத்தம் என்றுதான் அந்த நாட்களில் என் கண் படித்திருந்தது. மிளகாய்ப் பழம் காய்கிற களத்துப் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். இருக்கிற ஒரே சிவப்புச் சேலையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

சமையலுக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து என் நாத்தனார் ஸ்டெல்லா வந்தாள். தட்டு, டம்ளர் எல்லாம் எனக்குத் தனி. வாசலில் நின்று விசாரித்துவிட்டு மூக்கை மூடிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருடைய ஜாக்கெட் அளவும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். போகட்டும்.

காய்ச்சல் முதலில் நின்றது. பிறகு இருமல் குறைந்தது. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஊசியும் முடிந்தது, மாத்திரைகள் மட்டும் தொடர்ந்தன. உடம்பு தேறுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் என் மனது தேறவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. குழம்பைப் பார்த்தால் சேறு மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை. தக்காளி பழுத்துக் கிடக்கிற நேரம், தோட்டத்தில் எதைப் பார்த்தாலும் ஒரே சருகாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் முகம்கூட நோயாளி முகம் போல வெளிறிக் கிடந்தது. காலையில் கண் விழித்ததும் அழுகை வரும், காரணம் சொல்லத் தெரியாது.

"அண்ணி, எந்நேரமும் அதையே நெனச்சிட்டு இருந்தா எல்லாமே வெளுத்துத்தான் தெரியும். மனசத் தேத்திக்கங்க" என்றாள் ஸ்டெல்லா. நானும் அப்படித்தான் நம்பினேன். மனது கெட்டதால்தான் நிறம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்த ஈஸ்டருக்கு அருளப்பன் எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். அந்த மனிதர் அதுவரை தனியாகக் கடைக்குப் போய்ச் சேலை எடுத்ததே இல்லை. காகிதத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குங்க இந்த மண்ணு கலரு? கெழவி கட்டறதாட்டம் இருக்குது" என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வம்புக்குப் பேசுகிறேன் என்று அவர்கள் நினைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் பூசை வைக்கும் சாமியாரின் உடுப்புகளைத் துவைத்து, மடித்து, அந்தந்த நாளுக்கு உரியதை எடுத்து வைப்பது என் வேலை. நாளுக்கொரு நிறம் உண்டு. தவக்காலத்துக்கு ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகளுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் சிவப்பு, சாதாரண ஞாயிறுகளுக்குப் பச்சை. (பெந்தெகொஸ்தே, தூய ஆவி நெருப்பு நாக்குகளாக இறங்கி வந்த திருநாள்.) சிவப்பையும் பச்சையையும் தைத்ததே நான்தான். ஒரே அளவு, ஒரே ஜரிகை, நெஞ்சில் ஒரே குருசு. நிறம் மட்டும்தான் வேறு.

நோய் வந்தபோது வேலையை விட்டிருந்தேன். சளி சுத்தமானதும் சாமியாரே கூப்பிட்டுத் திரும்பச் செய்யச் சொன்னார். பெந்தெகொஸ்தே காலையில் பெட்டியைத் திறந்து, சிவப்பை எடுத்து, சுருக்கம் நீவி மேசையில் விரித்து வைத்தேன்.

சாமியார் உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார்.

"என்ன லூர்து, பெந்தெகொஸ்தேக்குப் பச்சைய வெச்சிருக்கீங்க?"

"சிவப்புதானுங்க சாமி."

"பச்சைம்மா."

சாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், வயது ஆகிறதல்லவா என்றுதான் நினைத்தேன். "நான் தைச்ச துணி எனக்குத் தெரியாதுங்களா? ஜன்னல்கிட்ட வந்து பாருங்க" என்று நானே பிடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து என் மற்றக் கையில் கொடுத்தார்.

"இது?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல, காய்ந்த சாணி நிறத்தில் இருந்தன. ஜரிகை தெரிந்தது, நான் போட்ட தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிறம் மட்டும் இல்லை.

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அருளப்பனைக் கூப்பிட்டார்கள். என் கையில் இருந்ததைக் காட்டி, "ஏனுங்க, இது என்ன கலரு?" என்று கேட்டேன்.

"பச்ச. எதுக்கு கேக்கற?" என்றவர், அடுத்த நொடி என் கண்ணைப் பார்த்தார். "அப்ப அந்தச் சேல…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் ஒரு புத்தகத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் எண் ஒளிந்திருக்குமாம். எனக்கு எல்லாப் பக்கத்திலும் புள்ளிகள்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற அருளப்பன் எண்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எத்தாம்புட்டால்னு ஒரு மாத்திரை சாப்பிடறீங்க (இதுவும் காசநோய் மருந்துதான், சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும்). அதோட வேலை இது. ஒவ்வொரு தடவையும் பார்வை எப்படின்னு கேட்டேன், ஊசியில நூல் கோக்கறேன்னீங்க. நிறம் தெரியுதான்னும் கேட்டிருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டார்.

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மாத்திரையும் வேண்டாமுங்க. நெஞ்சு போனாலும் பரவால்ல, கண்ணு போயிட்டா அவ என்ன பண்ணுவா? தையக்காரிங்க அவ."

டாக்டர் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். "அந்த ஒண்ண மட்டும் இன்னைக்கே நிறுத்தறேன். வேற மருந்து தர்றேன். மத்ததையும் விட்டா நோய் திரும்பும், அப்ப மருந்துக்கே கட்டுப்படாது."

"நிறம் திரும்பி வருமுங்களா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் வரும். மாசக்கணக்காகும். சிலருக்கு முழுசா வர்றதில்ல. பொய் சொல்ல மாட்டேன்மா."

பஸ்ஸில் வரும்போது நான் யோசித்தது கண்ணைப் பற்றிக்கூட இல்லை. காரணமில்லாமல் அழுதேனே, அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது என்பதைத்தான். மனது கெட்டு நிறம் போகவில்லை, நிறம் போய்த்தான் மனது கெட்டது. குழம்பின் சிவப்பு போனால் பசி போகிறது. வயலின் பச்சை போனால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. கட்டினவர் முகத்தில் ரத்த ஓட்டம் தெரியாவிட்டால் பாசம்கூடப் பயமாக மாறிவிடுகிறது. கண் வழியாக நாம் இவ்வளவு சாப்பிடுகிறோம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் போய் இனி இந்த வேலை வேண்டாம் என்றேன். "கடவுள் எங்கிட்ட இருந்து நிறத்த எதுக்குங்க சாமி புடுங்கணும்?" என்றும் கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார். ஏதாவது வேத வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "உடுப்ப நீங்கதான் எடுத்து வெக்கணும். மாத்தி வெச்சா நான் மாத்திப் போட்டுக்கறேன்."

அது எனக்கு எந்த வசனத்தையும்விடத் தெம்பாக இருந்தது. சிவப்பு உடுப்பு எது என்று அவரைக் கேட்டு, கழுத்தின் உள்பக்கம் நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். பெந்தெகொஸ்தே முடிந்தால் பிறகு வரிசையாகப் பச்சை ஞாயிறுகள்தான். வாரா வாரம் முடிச்சு இல்லாததைத் தடவி எடுத்து வைப்பேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். காய்ந்த சாணி. மடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

ஸ்டெல்லா ஊருக்குத் திரும்பினாள். நூல்கண்டுகளைப் பொட்டு ஒட்டிப் பிரித்து வைத்துவிட்டுப் போனாள்: ஒரு பொட்டு சிவப்பு, இரண்டு பொட்டு பச்சை. மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மழை விட்ட பகலில் அருளப்பன் சப்பாத்திக் கள்ளிப் பழம் பறித்து வந்தார். எனக்கு அது என்றால் உயிர். முள்ளைத் தரையில் தேய்த்துப் போக்கி, பிளந்து, விதையைத் தள்ளிக் கொடுத்தார். வாயில் போட்டேன். ஒரு விதை தொண்டையில் ஏறி இருமல் பிடித்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், வெள்ளைத் துண்டு முழுக்க ரத்தம்.

"ஐயோ! ஏனுங்க, திரும்பி வந்துருச்சுங்க! ரத்தமுங்க!" என்று கத்தினேன்.

அவர் பதறி எழுந்து துண்டைப் பிடுங்கினார். பார்த்தார். முகர்ந்தார். "அட, கள்ளிப்பழம்டி இது. உன்ற வாயப் பாரு, என்ற கையப் பாரு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"லூர்து. இது ரத்தம்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

நான் துண்டைப் பார்த்தேன். அவர் விரல்களைப் பார்த்தேன். எந்த நிறத்தைக் கண்டால் ஒளிந்துகொள்வேனோ அது அவர் கை நிறைய வழிந்துகொண்டிருந்தது. முழுச் சிவப்பு என்று சொல்ல முடியாது, துவைத்துத் துவைத்து வெளுத்த சிவப்பு. ஆனால் சிவப்பு. எழுந்து உள்ளே ஓடினேன். பெட்டியைத் திறந்து ஈஸ்டர் சேலையை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து உதறினேன்.

"அடப்பாவி மனுசா, இவ்வளவு செவப்பாவா வாங்கினீங்க!"

"ஈஸ்டருக்கு வாங்கினது" என்றார் அவர். "இன்னைக்குத்தான் பாக்கற." சொல்லிவிட்டுக் கறை கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து முழுதாக முடிந்தது. நெஞ்சில் ஒரு தழும்பு எக்ஸ்ரேயில் இன்னும் வெள்ளையாக நிற்கிறது. அது ஆறிய வெள்ளை, பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடர்ந்த பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே இன்றும் எனக்குத் தடுமாற்றம் உண்டு, நூல் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிற யாராவது இதைப் படித்தால், தினமும் வெளிச்சத்தில் ஒரு சிவப்புத் துணியைப் பாருங்கள். மங்கினால் மருந்தை நீங்களாக விடாதீர்கள், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அழுகை வந்தால் மனதை மட்டும் திட்டாதீர்கள்.

கள்ளிப்பழம் தின்ற மறுநாளே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மூக்கை மூடியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சாதாரண நாளில் எதற்கு இவ்வளவு பகட்டு என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அந்த வருடம் ஈஸ்டர் ஐப்பசியில்தான் வந்தது என்று சொன்னேன்.