பாதியில் நின்ற ஆட்டுக்கதை

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்து, கடுங்காப்பி குடித்து, முந்தின நாளே எடுத்து வைத்திருந்த ஷூவை மாட்டிக்கொண்டு கோவில்பட்டியில் எங்கள் தெருமுனைக்கு வந்தேன். வழக்கம்போல் அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், என்னைவிட மூத்தவர். ஒரு மாரத்தான் ஓட்டத்துக்காக இருவரும் ஞாயிறுதோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகிக்கொண்டிருந்தோம்.

நெடுந்தூரப் பயிற்சியை மெதுவாகத்தான் ஓட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதற்கு எங்களுக்கு அளவு அண்ணாச்சியின் வாய்தான். ஓடிக்கொண்டே கதை சொல்வார். பேச்சின் நடுவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டதென்று குறைத்துக்கொள்வோம்.

அன்றைய கதை, அவர் மச்சான் வெகுநாள் முன்பு எட்டயபுரம் சந்தையில் ஆடு வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்த கதை. கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்க, மச்சான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மடியில இருக்கதுக்கு எதுக்குவே டிக்கெட்?" என்றாராம். அந்த இடத்தோடு அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டார்.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. பாலம் கட்டும் வேலை நடந்ததால் தார்ச்சாலையை விட்டு உளுந்துக் காட்டு வண்டிப்பாதையில் ஓடினோம். கரிசல் மண் ஷூவின் அடியில் அப்பி, காலில் செங்கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனத்தது. எனக்கே மூச்சு இரைத்தது. அதனால் அவர் பேசாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கயத்தாறு போகும் நெடுஞ்சாலையில் ஏறியதும் மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி ஓடினோம். கால் லேசாகி என் மூச்சு சீராகிவிட்டது. கைக்கடிகாரத்தில் வேகம் வழக்கத்தைவிடக் குறைவுதான். மச்சான் டிக்கெட் எடுத்தாரா என்று கேட்டேன். "ம்" என்றார். மறுபடி கேட்டேன். அதற்கும் "ம்".

கையைப் பிடித்து நிறுத்தினேன். கை சில்லிட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி... மண்ணு இழுத்த இழுப்பு... வாரும், ஓடுவோம்." அதைச் சொல்லி முடிக்கவே திணறினார்.

"மண்ணத்தான் தட்டியாச்சே அண்ணாச்சி. கதைய முடிங்க, ஓடுதேன்."

முடியவில்லை. அப்போதுதான் தாடையும் இடது தோளும் வலிப்பதாகச் சொன்னார். வந்த பால் வேனை மறித்தேன். ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் கேன்களை ஒதுக்கி, நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குப் போய், மதியத்துக்குள் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

என் கடிகாரம் என் வேகத்தைத்தான் சொல்லும். கூட ஓடுகிறவரின் நிலையை அவர் பேச்சில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இன்று வரை எந்த ஓட்டத்திலும் நான் மறந்ததில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் கட்டிலருகே போய் நின்றேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மச்சான் டிக்கெட் எடுத்தாரா இல்லையா என்றுதான் கேட்டேன்.

"எங்கன எடுக்க? கண்டக்டர் கையில இருந்த டிக்கெட்டுக் கட்டையே ஆடு தின்னுட்டுது தம்பி, அதுக்கப்புறம் பஸ்சுல ஏறுன ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல" என்றார், ஓரிடத்திலும் மூச்சு வாங்காமல்.