கொசு எழுதிய காட்டேரி

என் தங்கையை வீட்டில் கொசு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு ஒல்லி. அழுதால்கூட ஒரு மெல்லிய ரீங்காரம்தான் வரும். அப்பா வைத்த பேர் அது. பின்னாளில் அவள் ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, நாளெல்லாம் ஊசியும் கையுமாக ஊரார் ரத்தத்தை எடுக்க ஆரம்பித்ததை அப்பா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தான் வைத்த பேரின் பொருத்தத்தை நினைத்து நினைத்துச் சிரித்தே மாய்ந்திருப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறேன். நாவல் எழுதியவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவளுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை தலை பின்னிவிட்டது இந்தக் கைதான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் அவள் வேலை செய்யும் அறையை நான் பார்த்திருக்கிறேன். சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் ஒரு வரிசை. ஒவ்வொன்றின் பக்கத்திலும், ரத்தம் நிறையும் பையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இயந்திரம். வருபவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். நரம்பைத் தேடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள், விரல் நுனியாலேயே பார்ப்பாள். பயந்த ஆள் என்றால் ஊசி போவதற்குள் அவர் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பாள். முடிந்ததும் பஞ்சு, பிளாஸ்திரி, ஒரு டீ, இரண்டு பிஸ்கட்.

அங்கே பேச்சில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நோயாளிக்கோ அவருடைய சொந்தக்காரர்களுக்கோ, புறப்படும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வா என்று யார் யாரை அழைப்பது? "பத்திரமா போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் மறுபடியும் வர வேண்டும் அல்லவா? அவர்களிடம் என் தங்கை வாய் நிறையச் சொல்வாள்: "போயிட்டு வாங்க."

இப்படிப்பட்டவள், வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் திரும்பும் பஸ்ஸிலும் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டியே ஒரு நாவலை எழுதி முடித்தாள். பேர் 'படியேறாதவன்'. ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சிட்டது.

கதை இதுதான். பல தலைமுறைகளாகச் சாகாமல் இருக்கும் ஒரு ரத்தக் காட்டேரி. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் வாசலில் நின்று உள்ளே பாடும் பாட்டைக் கேட்கிறான். யாராவது 'வா' என்று அழைக்காமல் அவனால் எந்த வாசல் படியையும் ஏற முடியாது. கடவுளிடம் அவனுக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: "இந்தப் பசியை எனக்குக் கொடுத்தது நீதான் என்றால், பாவம் யாருடையது?" கடைசி அத்தியாயத்தில் அவன் உள்ளே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பாட்டு ஆரம்பிக்கிறது. கதை முடிந்துவிடுகிறது.

இதற்கு யார் என்ன சொல்வார்கள் என்று நாங்கள் யோசித்தே பார்த்ததில்லை.

ரத்தம் கொடுக்க வந்த ஓர் இளைஞன் அவளிடம், "அக்கா, நீங்க எடுக்கறத எல்லாம் நோயாளிங்களுக்குத்தான் அனுப்பறீங்களா? இல்ல, வீட்டுக்கும் கொஞ்சம் போகுதா?" என்றான். "ஓ பாசிட்டிவ் எனக்குச் செரிக்காதுப்பா, பயப்படாத" என்று இவளும் விடாமல் சொல்லி அனுப்பினாள். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர், காட்டேரி என்பது நம் எல்லாருடைய ஆசைக்கும் குறியீடு என்று நீளமாக எழுதியிருந்தார். இன்னொருவர், குறியீடு எல்லாம் வேண்டாம், அவன் பயமுறுத்தவே இல்லை, கொடுத்த காசு தண்டம் என்றார். ஓர் அம்மா கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். கடவுளே இல்லை என்று சொல்லி வருஷக்கணக்கில் அவரிடம் சரியாகப் பேசாத மகன், இந்தக் கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றி அவரோடு சண்டை போட்டானாம். "சண்டையாவது போட்டானே, நல்லா இரும்மா" என்று முடித்திருந்தார்.

எங்கள் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதும் படித்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எல்லாம் சரிடீ. கடைசியில அவன் சாப்பிட்டானா இல்லையா?" என்றாள்.

"அம்மா, அவன் சாப்பாடு ரத்தம்."

"அது எனக்கும் தெரியும். பட்டினியாவா பாட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்? கல் நெஞ்சுடீ உனக்கு."

சங்கடம் வந்தது எங்கள் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து. தங்கை அங்கே சின்ன வயதிலிருந்து பாடுகிறாள். அந்த ரீங்காரம் வளர்ந்து, ஒரு நூல் மாதிரி மெல்லிசாக, அறாமல் மேலே ஏறும் குரலாக ஆகியிருந்தது. எந்தப் பாட்டையும் அவள்தான் தனியாக ஆரம்பிப்பாள், மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள்.

கூடத்தின் செயலாளரை எல்லாரும் சாவி ஐயா என்போம். இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் தொங்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சொந்த மைத்துனருக்கே அபராதம் போட்டவர் என்று பேர். அவரே ஒருநாள் வீட்டுக்கு வந்தார், கையில் 'படியேறாதவன்'. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"எழுதினது தப்புன்னு நான் சொல்ல வரலம்மா. ஆனா பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல நிக்கிறவங்க பேர்ல ஒரு கேள்வியும் இருக்கக் கூடாது. நாலு பேர் என்கிட்ட வந்து கேக்கறாங்க. அடுத்த வாரம் பிரார்த்தனை முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்து பேசிடலாம். அதுவரைக்கும் நீ பாட வேணாம்."

அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்து, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் போனதும் தங்கை என்னிடம், "எழுதறத விடச் சொன்னா விட்டுடுவேன்க்கா. பாடறத விடச் சொன்னா என்ன பண்ணுவேன்?" என்றாள்.

அந்த வாரத்தில் அவளிடம் ஒரு பெண் ரத்தம் கொடுக்க வந்தாள். டாக்ஸி ஓட்டுகிறவள், தவறாமல் வருகிறவள். பை நிறையும் நேரத்தில் மறு கையால் இந்தப் புத்தகத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாளாம். எழுதியது இவள்தான் என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "நானும் படியேறாதவதாம்மா. உங்க கூடத்துக்கு எதிர்ல வண்டிய நிறுத்திட்டுப் பாட்டு கேப்பேன். முடிஞ்சதும் கிளம்பிடுவேன்."

"உள்ள வரலாமே?"

"புருஷன விட்டு வந்தவ நான். அப்பலேருந்து எந்தக் கூடத்துலயும் யாரும் என்னக் கூப்பிட்டதில்ல. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போறது?"

'நான் கூப்பிடுகிறேன், வாங்க' என்ற வார்த்தை தங்கைக்குத் தொண்டைவரை வந்ததாம். "நானே வெளிய போகப் போறேனோ என்னவோ. எந்த வாயால அவங்கள உள்ள கூப்பிடறது?" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். பிளாஸ்திரி ஒட்டி, டீ கொடுத்து, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கூட்டத்தன்று பிரார்த்தனையில் யார் யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். ஒன்று தரையிலேயே நின்றது, இன்னொன்று எட்ட முடியாத உயரத்தில் ஆரம்பித்து எல்லாரும் இரும வேண்டியதாயிற்று. பிறகு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். சாவி ஐயா எழுந்தார்.

"நான் இதை இரண்டு முறை படிச்சேன். காட்டேரி, பல்லு, ரத்தம், அதெல்லாம் கதை. அதுக்காக நான் சண்டைக்கு வரல. என் கேள்வி ஒண்ணுதான். மூணாவது அத்தியாயத்துல இந்தப் பொண்ணே ஒரு விதி போடறா. கூப்பிடாம அவனால படியேற முடியாது. சரி. கடைசி அத்தியாயத்துல அவன் உள்ள உக்காந்திருக்கான். யாரு கூப்பிட்டா? ஒருத்தரும் கூப்பிடல. டிக்கெட் இல்லாம ஏறிட்டான். அப்ப நம்ம வாசலுக்குக் காவலும் இல்ல, மரியாதையும் இல்ல, யாரு வேணா திருட்டுத்தனமா நுழையலாம்னுதானே அர்த்தம்?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் காதோடு, "ஐயோ அக்கா, நெஜம்மாவே மறந்துட்டேன். எழுதிக்கிட்டே வந்தேனா, அவன் பாட்டுக்கு உள்ள வந்துட்டான்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க, அவன் உள்ள வர்ற இடத்தப் படிங்க, கேப்போம்" என்றார்.

சாவி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூடம் பெருக்கும் பெண் கனமான பெஞ்சு ஒன்றை வெளியே வைத்துக் கழுவுகிறாள். திரும்பத் தூக்க முடியவில்லை. வாசலில் நிற்கும் அவன் அதைத் தூக்கி வந்து, படியேறாமல் கீழே நின்றபடியே உள்ளே தள்ளிவிடுகிறான். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்:

"'நல்லா இருப்பீங்க. இருட்டிடுச்சு, போயிட்டு வாங்க.'"

அவர் நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பப் போன விரல் அப்படியே நின்றது. மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக, "போயிட்டு... வாங்க" என்று படித்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் அவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது எல்லாரும் சொல்றதுதானே" என்றார் சாவி ஐயா. "ஒரு பேச்சுக்குச் சொல்றது. இதப் போய் அழைப்புன்னு..."

அவரை முடிக்க விடவில்லை எங்கள் அம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "அப்ப வாராவாரம் வாசல்ல நின்னு எங்க எல்லாருக்கும் நீங்க சொல்றீங்களே, அதுவும் ஒரு பேச்சுக்குத்தானா ஐயா?"

உண்மைதான். பிரார்த்தனை முடிந்து ஒவ்வொருவராக வெளியேறும்போது, சாவிக்கொத்தைப் பிடித்தபடி வாசலில் நின்று, மழையானாலும் வெயிலானாலும் ஒருவர் விடாமல் அவர் சொல்லும் வார்த்தை அது.

சாவி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா" என்றார். "நான் ஒருநாளும் சும்மா சொன்னதில்ல."

அப்போது என் தங்கை எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். வந்த நல்லதைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று எனக்குப் பதைத்தது. அவள் கேட்கவில்லை.

"ஐயா, நான் அத யோசிச்சு எழுதலங்க. விதிய மறந்துட்டேன். நாள் பூரா நான் சொல்ற வார்த்தை அது, அதனால எழுத்துலயும் தானா வந்துடுச்சு. நீங்க படிக்கிறவரைக்கும் எனக்கே தெரியாது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை.

"நீ யோசிச்சியோ இல்லையோ, அந்தப் பொண்ணு வாயால சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான். முறையாத்தான் ஏறியிருக்கான்." புத்தகத்தின் ஓரத்தில் தான் போட்டிருந்த பென்சில் கோட்டை அழிப்பது போலக் கட்டைவிரலால் தேய்த்தார். "நான்தான் சரியாப் படிக்கல. ஆனா இப்பவும் சொல்றேன், எனக்கு இந்தக் கதை பிடிக்கல. ராத்திரி தனியா வெளிய போகவே ஒரு மாதிரியா இருக்கு."

பயமுறுத்தவே இல்லை, காசு தண்டம் என்று ஒருவர் சொன்ன புத்தகம்! கூடம் முழுவதும் சிரித்தது. அவரும்தான். அடுத்த வாரத்திலிருந்து தங்கையே பாட்டை ஆரம்பிக்கட்டும் என்று முடிவானது. ஒரு பெரியம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

வெளியே வந்தால், எதிர்ப்பக்கம் மரத்தடியில் டாக்ஸி நின்றது. பாட்டுக் கேட்க வந்தவள், கூட்டம் கலையாததைப் பார்த்து என்னவோ ஏதோ என்று காத்திருந்திருக்கிறாள். தங்கை என் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். என்ன சொன்னாளோ, இருவருமாகப் பாதித் தெருவரை வந்து நின்றார்கள். சாவி ஐயா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, வழக்கம்போல எல்லாரையும் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை எல்லாருக்கும் முழுசாகக் கேட்டது.

தெருவிலிருந்து அந்தப் பெண், "எனக்குமா ஐயா?" என்றாள்.

அவருக்கு அவளைத் தெரியும். அந்த வண்டியை அவர் எத்தனையோ வாரமாகப் பார்த்திருக்கிறார். சாவிக்கொத்தைக் கொஞ்ச நேரம் கையில் திருப்பினார்.

"வாங்கன்னா வாங்கதாம்மா. இதுல ஆளுக்கொரு அர்த்தம் கிடையாது."

அடுத்த வாரம் அவள் வந்தாள். படியில் ஒரு கணம் நின்று, கீழே பார்த்து, பிறகு ஏறினாள். கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். அம்மா தன் இடத்தை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து மெதுவாகக் கேட்டது எனக்கு இங்கேவரை கேட்டது.

"சாப்பிட்டு வந்தியாம்மா?"

முன்னால் என் தங்கை கண்ணை மூடிக்கொண்டு, நரம்பைத் தேடுகிறவள் மாதிரி ஒரு நொடி சும்மா நின்றாள். பிறகு பாட ஆரம்பித்தாள்.