வாலை முன்னால் விட்டுப் போன விருந்தாளி

இன்று செம்பனை நிற்கும் மலாய் நாட்டு அசாம் ஜாவா தோட்டம் அன்று முழுக்க ரப்பர். 1986 மார்ச்சில், விடியுமுன் பால் வெட்டக் கிளம்புகிறவர்கள்தாம் ஹேலி வால்நட்சத்திரத்தை அங்கே முதலில் கண்டார்கள். தங்கமணியும் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்தாள். மரங்களுக்கு மேலே, ஊதிவிட்ட திருநீறு போல ஒரு மங்கல். அந்த அழகைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள்.

ஆனால், வால் எந்த வீட்டுப் பக்கம் நீள்கிறதோ அங்கே சாவு விழும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராமையா கிளப்பிவிட்டார். நீண்டது மேற்கே, தங்கமணி குடியிருந்த நாலாவது லயத்தின், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையின் பக்கம். அதே மேற்கில் இருந்த துரை பங்களாவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சாபம்கூட லயத்தைத்தான் தேடி வருமாம்.

சேதி மாப்பிள்ளை ஊரான சுங்கை ஆயர் தாவாருக்கும் போயிற்று. தங்கமணிக்கு நிச்சயித்திருந்த பாலனின் தாய் அன்னம்மா, பங்குனியில் கல்யாணம் வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். 'பிறகு' என்றால் என்ன அர்த்தமென்று இருபத்தேழு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை தங்கமணி தனியாகப் பஸ் ஏறினாள். பெண்ணே நேரில் வந்து நிற்பதா என்று அன்னம்மா முகம் கொடுக்கவில்லை. இங்கே வால் எந்தப் பக்கம் தெரிகிறது என்று மட்டும் தங்கமணி கேட்டாள். மேற்கே என்றார் அன்னம்மா. சொன்ன பிறகுதான் தம் அடுப்படியும் அந்தப் பக்கம் என்பது அவருக்கு உறைத்தது.

சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வால் நீளும், விடியற்காலையில் எல்லா ஊரிலும் மேற்கேதான் என்று தங்கமணி புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள். சூரியனைச் சுற்றித் திரும்பிவிட்டதால் இப்போது வாலை முன்னால் விட்டுக்கொண்டு போகிறது என்றாள்.

"அப்ப அது போயிக்கிட்டா இருக்கு?"

"ஆமா அத்தை. அது சுத்துற பாதை வெள்ளரிக்கா மாதிரி நீட்டமா இருக்கும். சூரியன்கிட்ட வந்தா இழுக்கிற இழுப்புல ஓட்டம். தூரம் போகப் போக நடை. ஒரு சுத்து முடிக்க எழுபத்தாறு வருசம்."

அன்னம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர்.

"நம்ம ஆளுங்க மாதிரிதான் லா. மண்டோர் பக்கத்துல நின்னா ஓட்டம், மறைஞ்சா நடை."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், குறித்த தேதிக்கே பந்தல் போடச் சொல் என்றார். இவ்வளவு பேசுகிற வாய் மணவறையிலாவது சும்மா இருக்கட்டும் என்றும் சொன்னார். தங்கமணி அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை.