நாற்பது கிலோமீட்டரில் ஜெர்மனி

வெளிநாட்டுக்குக் குடிபோகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் மாமல்லபுரம். ஊரப்பாக்கத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் கணவருக்கு ஜெர்மனியில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கும் எனக்கும் எட்டு வயதுப் பெரியவளுக்கும் விசா வந்துவிட்டது. நான்கு வயதுச் சின்னவளுடையது மட்டும் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தது. டிக்கெட் போட்ட தேதியைக் காலண்டரில் பார்த்துவிட்டு மதுராந்தகத்திலிருந்து மாமனார் போன் செய்தார்.

"அன்னிக்கு அஷ்டமி. அன்னிக்கா வூட்ட வுட்டு கெளம்புவீங்க? அதுக்கு முன்னாடி புதன்கெழம நல்லா கீது. அன்னிக்கே படி எறங்கிடுங்க. அப்பால எங்கயாச்சும் தங்கிகினு ஏரோப்ளேன் ஏறுங்க."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பயண நாள் சரியில்லை என்றால் நல்ல நாளில் ஒரு பையையாவது வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். நாங்கள் பையோடு பிள்ளைகளையும் கொண்டுபோய் வைத்தோம்.

புதன்கிழமை தெருவே வாசலில் நின்றது. காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமனார் ஊரில் எங்கள் போட்டோவோடு ஃப்ளெக்ஸ் பேனரே கட்டியிருந்தார்கள். வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்; அந்த வார முடிவில் அங்கே வேறு குடும்பம் பால் காய்ச்சுவதாக இருந்தது. பள்ளியில் டி.சி. வாங்கியாயிற்று. கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் ஆளுக்கொரு வீடாகப் போனது. சின்னவளின் மூன்று சக்கர சைக்கிள் எதிர் வீட்டு அக்காவிடம் போனது. கொடுக்க மாட்டேன் என்று அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "ஜெர்மனில வேற வாங்கலாம்டி" என்று சொல்லி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் நான்தான்.

மாமல்லபுரத்தில் ஐந்து நாளுக்கென்று எடுத்த அறை மாடியில் இருந்தது. கீழே சிலை செய்யும் பட்டறை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை உளியும் கல் அறுக்கிற மெஷினும் நிற்காது. இருந்தது ஒரே ஜன்னல். திறந்தால் கல் தூசி, மூடினால் புழுக்கம். எடை பார்த்து, டேப் சுற்றிப் பூட்டிய பெட்டிகள் பாதி அறையை அடைத்துக்கொண்டன. அவற்றைத் திறக்க என் கணவர் விடவில்லை, எடை கலைந்துவிடுமாம். இரண்டு கைப்பைத் துணியைத் துவைத்துத் துவைத்து உடுத்தினோம்.

மூன்றாம் நாள் விசா அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. சின்னவளின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் இருப்பது அவள் அப்பா பெயர் இல்லை, தாத்தா பெயர். பெரியவளுக்கு அதே கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. இவள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். காகிதத்தின்படி என் மகள் என் புருஷனுக்குத் தங்கையாகியிருந்தாள்.

"யாரக் கேட்டு உங்க அப்பா பேர போட்டீங்க?"

"சர்நேம்னா குடும்பப் பேருன்னு போட்டிருந்தான். என்து இன்னா கீதோ அதையே போட்டேன். குடும்பத்துக்கு ஒன்னுதானே?"

"அப்ப பெரியவளுக்கு மட்டும் உங்க பேரு எப்படி வந்துச்சி?"

"அந்த ஃபாரத்த நீதான ரொப்பின!"

அதுவும் சரிதான். எனக்குத் தெரிந்தது இனிஷியல் ஒன்றுதான். அதை விரித்து எழுதிவிட்டேன். அவருக்கு இருப்பதும் இனிஷியல்தான், ஆனால் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கி, மறுபடி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு டிக்கெட்டையும் தள்ளிப்போட்டோம். கம்பெனியோ அடுத்த மாதம் ஒரு தேதியைக் குறித்து, அதற்குமேல் அந்த இடத்தை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குள் சின்னவளுக்கு விசா வந்தால் நால்வரும் போகலாம், வராவிட்டால் அவர் மட்டும்.

அதுவரை மதுராந்தகத்தில் வந்து இருக்கட்டுமா என்று மாமனாரிடம் கேட்டேன்.

"தேங்கா ஒடச்சி அனுப்பிட்டு இன்னா மூஞ்சிய வச்சிகினும்மா திரும்பி வருவீங்க? பேனர இன்னும் அவுக்கவே இல்ல. அங்கயே இருங்க."

இருந்தோம். சொந்தக்காரர்கள் வீடியோ காலில் வந்தால் என் கணவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொள்வார். "அங்க செம குளிராமே?" என்பார்கள். "ஆமா, தாங்க முடியல" என்பார், காதோரம் வியர்வை வழிய. நான் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறையில் நிற்பேன். அங்கே நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும். யாரும் எங்களைப் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"ஜெர்மனி எப்ப வரும்?" என்று சின்னவள் நாளுக்கு நூறு முறை கேட்பாள். ஒரு சாயங்காலம் கடற்கரையில் பொறுமை போய், எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதியைக் காட்டினேன். "அவங்களப் பாரு. இதான் ஜெர்மனி. வந்தாச்சி, போதுமா?"

அவள் நம்பிவிட்டாள். கைப்பையிலிருந்த சிவப்பு ஸ்வெட்டரை மறுநாளிலிருந்து கழற்ற மறுத்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. "ஏம்மா அவகிட்ட பொய் சொல்ற?" என்று பெரியவள் கேட்டாள். அவளை ஒரு முறை முறைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. அந்த வயதில் என் அம்மா எனக்கு அப்படிச் செய்திருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொண்டு நிற்கும்போது சின்னவள் திடீரென்று ஓடினாள். எதிர் வீட்டு அக்கா, தன் சொந்தக்காரர்களோடு கடல் பார்க்க வந்திருந்தார்.

"பெரியம்மா! நீயும் ஜெர்மனி வந்துட்டியா? என் சைக்கிள எடுத்துகினு வந்தியா?"

அக்கா ஸ்வெட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்ல கண்ணு, அது ஊர்லயே கீது" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். பாதியில் அதை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"புள்ளைங்கள வச்சிகினு இங்க எதுக்கு அவஸ்தப்படற? என்னாண்ட வந்து இரு. தெருவுல இன்னா பேசினா இன்னா?"

வேண்டாம் என்றேன். அவருடன் அப்படியே பஸ் ஏறிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் என் கணவர் தலையைத் தொங்கப் போட்டு அந்தத் தெருவில் நடப்பதை என்னால் பார்க்க முடியாது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

கம்பெனி சொன்ன தேதி நெருங்கியது. சின்னவளின் புதுப் பாஸ்போர்ட் வந்திருந்தது, விசா வரவில்லை. போக மாட்டேன் என்று என் கணவர் இரண்டு நாள் அடம்பிடித்தார். போகச் சொன்னவள் நான். இந்த வேலையும் போய்விட்டால் எதற்காக இந்த அறையில் கிடந்தோம் என்பதற்குப் பதிலே இல்லாமல் போகும். கடைசியில் டேப்பை அறுத்துப் பெட்டிகளைத் திறந்தோம். அவருடைய துணியைத் தனியாக எடுத்து ஒரே பெட்டியில் அடைத்தேன்.

மத்தியானம் வாடகைக் கார் வந்தது. தேங்காய் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்ததால் தெரு அமைதியாக இருந்தது. பெரியவள் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. சின்னவள் ஸ்வெட்டரோடு காரிடம் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா எங்க போற?"

அவர் என்னைப் பார்த்தார். அவளே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஊருக்கா?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப வரும்போது என் சைக்கிள எடுத்துகினு வாப்பா. ஊர்லதான் கீதுன்னு பெரியம்மா சொன்னாங்க."