கருவியை யாராவது தொட்டார்களா?

ஆய்வுமுறை என்று ஒரு பாடம். நாற்பத்திரண்டு வயதில் அதைப் படித்தேன். பதினாறு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவனை உட்காரவைத்து, கேள்வி கேட்பது எப்படி, கேட்டதை எழுதுவது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். பேராசிரியர் குளிரூட்டிய அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நகரத்தின் வெப்பத்தைப் பற்றிப் பேசுவார். ‘களம்’ என்று அவர் சொல்லும்போது ஏதோ செவ்வாய்க் கிரகத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பவர் போல இருக்கும். களம் என்பது நம் ஆட்களின் கடைத்தெருவான லிட்டில் இந்தியா. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் இருபது நிமிடம்.

பள்ளியில் ஓராண்டுச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு முதுகலைக்கு வந்திருந்தேன். பருவத்தின் கடைசியில் ஒரு முன்னோட்ட ஆய்வைக் காட்டவேண்டும். அது தேறினால்தான் ஆய்வேடு எழுத அனுமதி. தேறாவிட்டால் மறுபடியும் உயர்நிலை மூன்றாம் வகுப்புக்குப் போய், மேகங்களின் வகைகளைக் கரும்பலகையில் வரையவேண்டும்.

என்னோடு அதே தெருவை எடுத்தவள் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வரும் இருபத்துநாலு வயதுப் பெண். போகிறவர் வருகிறவரை நிறுத்தி, இங்கே எவ்வளவு வெக்கை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்பது அவள் ஆய்வு. நம் ஆட்களிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? “பரவால்ல லா, ஓகே லா” என்பார்கள். அவள் அதை மூன்று என்று எழுதிக்கொள்வாள். இரண்டு நாளில் அதுவும் அலுத்துவிட்டது. மீதிப் படிவங்களை வீட்டுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து அவளே நிரப்பினாள்.

“எப்படியும் எல்லாரும் த்ரீ தான் சொல்லப்போறாங்கண்ணே. வை வேஸ்ட் டைம்?” என்றாள்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் கருவிக்காரன். கருவி பொய் சொல்லாது.

என் கருவிகள் நான்கு. கைக்கு அடக்கமான வெப்பமானிகள், வெள்ளை மூடி போட்டவை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாமாகவே வெப்பத்தைப் பதிந்துகொள்ளும். கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், கடைக்காரர்களைக் கேட்டு, நான்கு தூண்களில் கட்டினேன். அதில் ஒன்று பூக்கடைத் தூண். கடையை நடத்துகிறவளுக்கு முப்பது வயதிருக்கும். கை மாலை கட்டிக்கொண்டிருக்கும், வாய் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்.

“பத்திரமா பாத்துக்கம்மா. இது கெட்டுப்போச்சுன்னா என் படிப்பே போச்சு” என்றேன்.

“நான் பாத்துக்கறேண்ணே” என்றாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் போய், பதிவுகளை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு வருவேன். போகும்போதெல்லாம் அவள் கேட்பாள்: “அது என்ன சொல்லுதுண்ணே?”

“அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா.”

நான்கு சனிக்கிழமையும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். கருவியோடு ஒரு பதிவுத்தாள் உண்டு. தேதி, நேரம், வானிலை, கடைசியாக ‘கருவியை யாராவது தொட்டார்களா?’ என்று ஒரு கட்டம். அந்தத் தாளை ஆங் மோ கியோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே, கிளம்புமுன், ‘இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவேன். யார் தொடப்போகிறார்கள்?

பூக்கடைத் தூண் ஒரு அதிசயத்தைக் காட்டியது. தினமும் பிற்பகலில் மற்ற மூன்று தூண்களும் சூடேற, அது மட்டும் குளிர்ந்தது. ஈரப் பூக்களும் ஈரச் சாக்கும் நடைபாதையையே குளிரவைக்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை வைத்து ஒரு கட்டுரையே போடலாம் என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

முன்னோட்ட ஆய்வைக் காட்டும்போது திரையில் போட ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. புதன்கிழமை நாலு மணிக்குப் போனேன். சாய்ந்த வெயில் நேராகத் தூணில் அடித்தது. என் கருவியைக் காணோம். அதன்மேல் ஓர் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“என்னம்மா இது?”

“நாலு மணி வெயில் அது மேலயே அடிக்குதுண்ணே. கெட்டுப்போயிடும்ல? பூவுக்குத் துணி நனைக்கும்போது இதுக்கும் ஒன்னு நனைச்சுப் போட்டுடுவேன். கட மூடும்போது எடுத்துடுவேன். நீங்க வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல.”

பெருமையாகத்தான் சொன்னாள். நான் அளந்தது நடைபாதையை அல்ல, அவளுடைய துணியை.

மறுநாள் பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என் பதிவுத்தாள்களைப் புரட்டினார். கடைசிக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். இதில் இல்லை என்றுதானே இருக்கிறது, நான்கு வாரமும் இல்லை என்றே இருக்கிறது, பிறகென்ன என்றார். வேண்டுமானால் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவரை எனக்கு முன்பே பிடிக்காது. அந்த நிமிடம் அவரைவிட மட்டமான ஆளாக எனக்கு நானே தெரிந்தேன். ரயிலில் உட்கார்ந்து மூன்று போட்டவளாவது அதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். நான் சாப்பாட்டு மேசையில் எழுதிய பொய் இப்போது எனக்கே சாட்சியாக வந்து நிற்கிறது.

அவர் பேனாவையே வாங்கி, நான்கு ‘இல்லை’யையும் அடித்து ‘ஆம்’ என்று எழுதினேன். ஆய்வு தேறவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போட்டார்கள். விடுப்பை நீட்டிக்கச் சொல்லிப் பள்ளி முதல்வர் முன்னால் பல்லைக் காட்டி நிற்கவேண்டியிருந்தது. பாசிர் ரிஸ்காரி தேறிவிட்டாள். அவளுடைய மூன்றுகள் அத்தனை ஒழுங்காக இருந்தனவாம்.

முடிவு வந்த அடுத்த சனிக்கிழமை கருவிகளை மறுபடி கட்டப் போனேன். பூக்காரி வழக்கம்போலக் கேட்டாள். இந்தத் தடவை கருவி என்ன சொன்னது, துணி என்ன செய்தது என்று முழுக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்தது.

“நீங்க கட்டாத அந்தக் கடைசித் தூணுல சாயங்கால வெயிலே படாதுண்ணே. நாங்க பூவையெல்லாம் அங்கதான தள்ளி வைப்போம். மொதல்லயே கேட்டிருந்தா சொல்லிருப்பேனே.”

சூரியன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று பதினாறு வருஷம் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவன் நான். கருவியை அந்தத் தூணில் கட்டிவிட்டு, வெறுமையாக இருந்த பதிவுத்தாளை அதிலேயே வைத்து, முதல் தடவையாக அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன்.

“இத யாராச்சும் தொட்டாங்களாம்மா?”

அவள் துணியைப் பிழிந்துகொண்டே என் கையைப் பார்த்தாள்.

“இன்னிக்கு உங்களத் தவிர யாரும் இல்லண்ணே.”