சாட்டின் ஹாலி

எங்கள் தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் தோறும் அலங்காரத்துக்கு ஹாலி இலைகள் செய்து தருவது என் மனைவி. பபேடான் பேட்டைக் கடைகளில் பச்சை சாட்டின் துணி வாங்கி, ஓரங்களை முள்முள்ளாக வெட்டி, சிவப்பு மணிகளைச் சேர்த்துக் கட்டுவாள். உயிருள்ள ஹாலிச் செடியை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. யாங்கூன் வெக்கையில் எங்கே பார்ப்பது?

மகள் வேலைக்காகக் குளிர்நாட்டுக்குப் போன முதல் டிசம்பரில், இங்கே கரண்ட் இருந்த ஒரு மதியம், வீடியோவில் அழைத்தாள். ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள். சுற்றிலும் எல்லாம் மொட்டை. அது மட்டும் பச்சை.

"அம்மா, இதான் ஹாலி. பழத்த நாம தின்னக்கூடாது. பனியில வேற ஒண்ணும் கெடைக்காம குருவிங்கதான் வந்து தின்னும்."

"முள்ளு குத்துதா?"

"கீழ எல குத்துது. ஒசரத்துல இருக்கிறதுல முள்ளே இல்லம்மா."

மனைவி திரையை விரலால் தடவிப் பார்த்தாள். அன்று மாலையே, வெட்டி வைத்திருந்த இலைகளில் பாதியை எடுத்து முட்களை நறுக்கிவிட்டாள். "இத்தன வருஷமா தப்பா செஞ்சிருக்கேன்" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் கல்லீரலில் புற்று என்றார்கள். மகள் உடனே வருகிறேன் என்றாள். வந்தால் இங்கே ராணுவத்தார் அவளைத் திரும்பிப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்று எங்களுக்குப் பயம்.

"வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. நான் பேசுனா அழுதுடுவேன்" என்றாள் மனைவி.

சொன்னேன். அதோடு, "அம்மாவுக்கு இப்ப தேவல" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். மகள் நம்பினாள்.

நவம்பரில் மனைவி போய்விட்டாள். அடக்கத்தை மகள் கைப்பேசியில்தான் பார்த்தாள். பாதியில் லைன் அறுந்துவிட்டது. மறுநாள் அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏம்பா எங்கிட்ட மறைச்சீங்க?"

வர வேண்டாமென்றது அம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் என்னுடையது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்துப் பெண்கள் பிளாஸ்டிக் ஹாலி வாங்கி மாட்டியதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

இப்போதும் ஞாயிறு தவறாமல் மகள் அழைக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "ஹௌலா?" என்பாள் பர்மியில். நிஜமா என்று அர்த்தம். முன்பெல்லாம் அவள் அப்படிக் கேட்டதில்லை.