நாலு கொம்பு மருமகன்

என் கணவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்றபோது, கூட வேலை செய்த சுவிஸ்காரர்கள் அவருக்கு ஓர் ஆடு பரிசளித்தார்கள். உயிரோடு உள்ள ஆடு.

எல்லாம் அவருடைய அரைகுறை ஜேர்மன் மொழி செய்த வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டிறைச்சியின் பெருமையை விடாமல் பேசுகிற மனிதர். "எனக்கு ஆடு எண்டால் உயிர்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, "ஆடுதான் என் வாழ்க்கை" என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்திருக்கிறார். அதையும் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஊரில் பெரிய மந்தையை விட்டுவந்த பாவம் மனிதர் என்று அவர்கள் உருகிப்போனார்கள்.

வாழ்த்து அட்டையில் ஒரு கிடாயின் படமும் "இனி இவன் உங்களுடையவன்" என்ற வரியும் இருந்தன. கீழே பொடி எழுத்தில் இருந்ததை இவர் வாசிக்கவில்லை. நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, முழுக்கிடாய்" என்று அழைத்துவிட்டார். டீட்டிகோனில் இருக்கும் தங்கையிடம் பெரிய சட்டியும் இரவல் வாங்கியாயிற்று.

சனிக்கிழமை ஆட்டை எடுத்துவரப் பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரி முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்கள்தான் கெட்டியோ?" என்று கேட்டாள். கெட்டி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ஞானத்தகப்பன். நம்முடைய முறைக்குத் தாய்மாமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடு பண்ணையிலேயே வளரும், இவர் வந்து வந்து பார்க்கலாம். அதுதான் பரிசு. எனக்குச் சிரிப்பு முட்டியது, இவருக்கு முகம் கறுத்தது.

மருமகன் வந்தான். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும், தலையில் நாலு கொம்பு. இரண்டு மேலே நிமிர்ந்தும் இரண்டு கன்னத்தோடு வளைந்தும் இருந்தன. ஜேக்கப் என்ற இங்கிலாந்து இனமாம். அழகுக்காகப் பிரபுக்கள் தங்கள் மாளிகைப் புல்வெளிகளில் வளர்த்ததாம். பிறகு தேடுவாரில்லாமல் அருகிப்போக, பிடிவாதக்காரர் சிலர் விடாமல் காப்பாற்றினார்களாம்.

"இஞ்சாரும், எப்ப அடிப்பினம் எண்டு கேளும்," என்று இவர் காதுக்குள் குசுகுசுத்தார்.

"மருமகனையோ? மாமன் கேக்கிற கேள்வியோ இது?"

"பகிடி விடாதையும். நாளைக்குச் சனம் வருகுது. என்ர மானம் போகப்போகுது."

கடைசியில் தானே கேட்டுவிட்டார். பண்ணைக்காரி கோபிக்கவில்லை. "கிடாய்கள் கூடிவிட்டன. போன மாதம் இவனுடைய தம்பியை அடித்தோம், இறைச்சி உறையவைத்து இருக்கிறது. பரிசுக்குப் பதிலாக அதை இப்போதே கொண்டுபோகலாம். ஆனால் கெட்டி இல்லாவிட்டால் இவனை வைத்திருக்க முடியாது. குளிர் தொடங்க முன் இவன் போகவேண்டும்."

இவருக்கு வழி திறந்துவிட்டது. இறைச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மானம் தப்பும், தம்பியா அண்ணனா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மனிதர் அசையவில்லை. "போகவேண்டும்" என்பதை இவருக்கும் இதே மொழியில் ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, கோபமே இல்லாமல். அது எனக்கும் நினைவு வந்தது. என் பகிடியெல்லாம் அப்படியே அடங்கிப்போயிற்று.

கிடாய் இவருடைய ஜாக்கெட் நுனியைச் சப்பத் தொடங்கியது. இவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"நான்தான் கெட்டி," என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "வாரும், கோழி வாங்குவம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். ஒருவர் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, கிடாய் எங்க?" என்று சத்தமாகவே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் கிடாயின் படத்தை எடுத்து நீட்டினார்.

"போகச் சொல்லிப்போட்டினம். நான் விடேல்லை."

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒருகாலத்தில் விசாவுக்குக் காத்துக்கிடந்தவர்கள். போன் கைமாறிக் கைமாறிப் போனது. கேள்வி கேட்டவர்தான் கடைசியாக அதை வாங்கி, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழியும் நல்ல ருசிதான் அண்ணை," என்றார்.